ரயில் நிற்கும் இடமும் பெண்கள் நடக்கும் வழியும்



ஊருக்கு ஒரு புதிய ரயில் நிலையம் வரப்போகிறது என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது? காணி விலை ஏறும் என்று வீட்டு ஆண்கள் கணக்குப் போடுவார்கள். பிள்ளைகள் நேரத்துக்குப் பாடசாலை போகலாம் என்று நாம் நினைப்போம். ஆனால் நிலையம் கட்டுவது ஒரு வேலை, அங்கே போய்ச் சேர வழி அமைப்பது வேறொரு வேலை. இரண்டும் இருவர் பொறுப்பில் இருந்து, அவை ஒன்றுக்கொன்று பொருந்தாமற் போனால், இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக வரும் பெண்தான் முதலில் அல்லற்படுகிறாள்.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். வைத்தியத்துக்கும் புடைவை வியாபாரத்துக்கும் அங்கே போய் வருகிற நம்மவர்கள் பலருக்குக் கோயம்பேடு பஸ் நிலையம் பழக்கமானது. 2002இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு அருகிலேயே 2015இல் மெட்ரோ ரயிலும் வந்தது. ஆனால் நகருக்குள் நெரிசல் தாங்க முடியவில்லை. எனவே தென் மாவட்டங்களுக்குப் போகும் பஸ்களுக்கென்று தாம்பரத்துக்கும் அப்பால், வண்டலூர் மிருகக்காட்சிசாலையை அடுத்துள்ள கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கர் நிலத்தில் பெரிய நிலையம் ஒன்றைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டியது. 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 டிசம்பர் 30ஆம் திகதி நிலையம் திறக்கப்பட்டது.

கட்டடத்தில் பெரிய குறை இல்லை. அங்கே போய்ச் சேர்வதுதான் பெரும்பாடாயிற்று. சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் புறநகர் ரயில் பாதை, பஸ் நிலையத்துக்கு எதிரே பெருஞ்சாலையின் மறுபுறத்தில்தான் ஓடுகிறது. ஆனால் பஸ் நிலையம் திறந்தபோது ரயில் நிற்க அங்கே இடமில்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பெட்டி படுக்கையுடன் இன்னொரு பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டியிருந்தது. இரவு பஸ்ஸில் வந்து அதிகாலையில் இறங்கும் ஒரு தாய்க்கு இது எவ்வளவு சிரமம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

புதிய ரயில் நிலையம் அமைக்கத் தென்னக ரயில்வேக்கு வளர்ச்சிக் குழுமமே 20 கோடி இந்திய ரூபாவைக் கொடுத்தது. இது பாராட்ட வேண்டிய காரியம். ரயில் எங்கள் பொறுப்பல்ல என்று கையை விரிக்காமல் தன் பணத்தை முன்வைத்தது. ஆனாலும் நிலைய வேலை 2024இல்தான் சூடு பிடித்தது. பெருஞ்சாலையைக் கடக்க ஏறக்குறைய 400 மீற்றர் நீளத்தில் திட்டமிட்ட நடைமேம்பாலமோ காணி சுவீகரிப்பில் சிக்கித் தாமதமானது. பஸ் நிலையம், ரயில் நிலையம், பாலம் ஆகிய மூன்றும் ஒரே திட்டமாக ஒரே நாளில் தொடங்கியிருந்தால், அந்த ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளிலேயே மூன்றும் முடிந்திருக்கலாம்.

நமது நாட்டிலும் பொறுப்பு இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. தண்டவாளமும் மேடையும் புகையிரதத் திணைக்களத்துடையவை. நிலையத்துக்குப் போகும் உள்ளூர்ப் பாதை, அதன் வடிகான், தெருவிளக்கு ஆகியவற்றைப் பெரும்பாலும் பிரதேச சபையோ நகர சபையோதான் பார்க்க வேண்டும். மாலை ரயிலில் வந்து இறங்கும் நம் பெண்பிள்ளை இருட்டு ஒழுங்கையில் தனியே நடக்க வேண்டியிருந்தால், நிலைய அதிபரிடம் போய் முறையிட்டுப் பயனில்லை. சபையைத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வழியும் இருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. 2018இலும் 2025இலும் நடந்த தேர்தல்கள் அந்த முறையிலேயே நடந்தன. உங்கள் சபையிலும் பெண் உறுப்பினர்கள் இருப்பார்கள். ஆண்டு முடிவில் வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன் நாலு பேராகச் சேர்ந்து அவர்களைச் சந்தியுங்கள். விளக்கு எத்தனை வேண்டும், எந்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, கடவையில் பிள்ளைகள் எப்படிக் கடக்கிறார்கள் என்பதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி கேட்பதற்கு அது உதவும்.