உரப்பையில் போகும் பூனைகள்

மஃரிபுக்குப் பிறகு ஆள் நடமாட்டம் குறைந்ததும் உரப்பை ஒன்றை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு சந்தைப் பக்கமோ தோணாக் கரைக்கோ போகிறார்கள். கட்டை அவிழ்த்து உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். உள்ளே இருந்தது அந்த வீட்டிலேயே பிறந்து, அந்த வீட்டுச் சோற்றையும் மீன் தலையையும் தின்று வளர்ந்த பூனை. கதவிலும் அலுமாரியிலும் தொழுகைப் பாயிலும் மூத்திரம் பீச்சியதும், வீட்டிலிருந்த மற்றப் பூனையைக் கடித்துக் குதறியதும்தான் அது செய்த குற்றம்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நம் ஊர்களில் இது யாரும் வெட்கப்படாத காரியமாகிவிட்டது. இது பாவம் என்பது ஒருபுறமிருக்க, இதனால் தொல்லை தீர்வதுமில்லை. ஒரு கடுவன் போன இடத்துக்கு அடுத்த வளவுக் கடுவன் வந்து சேருகிறது. வீட்டில் மிஞ்சியிருக்கும் பூனைகள் புதியவனின் வாடை பட்டதும் முன்னைவிட அதிகமாகப் பீச்சுகின்றன. கொண்டுபோய் விடப்பட்டதோ சந்தைப் பூனைகளோடு சண்டையிட்டு, கடிபட்டு, சீழ்பிடித்துத் திரிகிறது.

முதலில் நம் வீடுகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே கல்யாணம் செய்யும் ஊர் இது. மூத்த மகளுக்கு ஒன்று, அடுத்தவளுக்கு ஒன்று, கடைக்குட்டிக்கு மாடியில் ஒன்று என்று ஒரே வளவில் மூன்று குசினி எரிகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையை விட்டு உள்ளே வந்த குடும்பங்களால் நெரிசல் இன்னும் கூடியது. மனிதர் சொந்தபந்தமாக ஒட்டி வாழலாம். பூனைக்கு அப்படியில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கும். ராத்தாவின் பூனையும் தங்கச்சியின் பூனையும் ஒரே மதிலில் ஏறி இறங்கும்போது எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. எல்லை மங்கினால் பூனை அதைத் தெளிவாக எழுதப் பார்க்கும். அதற்குத் தெரிந்த எழுத்து மூத்திரம்தான்.

வாலை நேரே நிமிர்த்தி நடுங்கவிட்டு, நின்றபடியே சுவரிலோ கதவிலோ கொஞ்சமாகப் பீச்சினால் அது எல்லைக் குறி. குந்தியிருந்து தரையிலோ மெத்தையிலோ நிறையப் பெய்தால் அது வேறு கதை. மண் தட்டு அழுக்காக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். கடுவன் அடிக்கடி குந்தி முக்கியும் ஒரு சொட்டுக்கூட வராவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு போகாவிட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும். அதையும் கொழுப்பு என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடுவனின் மூத்திரத்தில் ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த பொருள் உண்டு. கருத்தடை செய்யாத கடுவனில் இது மிக அதிகம். மூத்திரம் காயக் காய அது உடைந்துதான் அந்த வெடில் கிளம்புகிறது. ஐந்தாறு மாதத்தில் பூனை வயதுக்கு வந்துவிடும். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் நம் கரையில் இனப்பெருக்கத்துக்குப் பருவமே கிடையாது. இரண்டு மாதச் சினை, நாலு குட்டி, மறுபடியும் சினை. உரப்பை ஓயாததற்கு இதுவே காரணம்.

வீட்டுப் பெண்களின் சிரமத்தை நாம் சிறிதாகச் சொல்லவில்லை. பூனை நஜீஸ் இல்லை. அது வாய் வைத்த தண்ணீரில் வுழூச் செய்யலாம் என்று நபிமொழி இருக்கிறது. ஆனால் அதன் மூத்திரம் நஜீஸ். தொழுகைப் பாயிலும் உடுப்பிலும் பட்டால் நிறமும் மணமும் போகக் கழுவியாக வேண்டும். ஸுபஹுக்கு எழும்பித் தொழப் போகும் உம்மா இருட்டில் பாயை மோந்து பார்க்கும் நிலை வந்தால் ஆத்திரம் வரத்தான் செய்யும்.

அந்த ஆத்திரத்தில் நாம் கையில் எடுப்பவைதான் பயமாக இருக்கின்றன. டெட்டோலும் பினாயிலும் ஊற்றிக் கழுவுகிறோம். அவற்றிலுள்ள பினோல் வகைப் பொருள்களைச் சிதைக்கும் வலு பூனையின் ஈரலுக்கு இல்லை. நனைந்த தரையில் நடந்து பாதத்தை நக்கினால் அது நஞ்சாகலாம். அமோனியா கலந்த கழுவு மருந்தின் மணம் மூத்திரத்தின் மணத்தை ஒத்திருப்பதால், கழுவிய இடத்திலேயே பூனை மீண்டும் பீச்சும். சலவைத்தூள் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயவிடுவதே மேல். சண்டையில் காயப்பட்ட பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கரைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு மாத்திரை போதும், பூனை செத்துப்போகும். சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மிருகவதைக்கு எதிராக 1907 முதலே இந்த நாட்டில் சட்டம் இருப்பதை நினைவூட்டுகிறோம்.

சண்டையை விலக்கக் கையை நுழைக்காதீர்கள். தடித்த துவாயை மேலே போடுங்கள், அல்லது அட்டைப்பெட்டி மட்டையை நடுவே இறக்குங்கள். பூனையின் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் கட்டும். நம் நாட்டில் விசர்நோய் பெரும்பாலும் நாயால் வருகிறது என்றாலும் பூனையும் அதைக் கடத்தும். தெருவில் விடப்பட்டு, விசர்நாய் கடித்த பூனை ஒருநாள் பழைய வீட்டு வாசலுக்கே வரலாம். அதை முதலில் தூக்கப் போவது பிள்ளைதான். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது.

பீச்சலுக்கும் சண்டைக்கும் உறுதியான மருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சை. செய்த கடுவன்களில் பத்தில் ஒன்பது பீச்சுவதை விடுகின்றன அல்லது வெகுவாகக் குறைக்கின்றன. சிலவற்றில் சில நாளில் நிற்கும், சிலவற்றுக்குச் சில மாதம் எடுக்கும். பொட்டையும் வேட்கைக் காலத்தில் பீச்சும் என்பதால் இரண்டுக்கும் செய்ய வேண்டும். மிச்சமெல்லாம் வீட்டுக்குள்ளேயே முடியும். பூனைக்கொரு மண் தட்டும் மேலதிகமாக ஒன்றும் வையுங்கள். சாப்பாட்டுக் கோப்பைகளை ஒன்றையொன்று பார்க்காத மூலைகளில் வையுங்கள். புதுப் பூனையைச் சில நாள் தனி அறையில் விட்டு, ஒன்றின் வாடை பட்ட துணியை மற்றதன் அருகே போட்டுப் பழக்குங்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அந்நியக் கடுவனைப் பார்த்த கோபத்தைப் பூனை பக்கத்தில் படுத்திருக்கும் தன் தோழன்மீதே தீர்க்கும். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே பாதிச் சண்டை அடங்கும்.

கருத்தடை என்றதும் “அது கூடாதே” என்று தயங்குகிறவர்களை நாம் மதிக்கிறோம். அது இறையச்சத்தில் வரும் தயக்கம். நம் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகள், உண்ணப்படாத பிராணியின் விதையெடுப்பதைத் தடுக்கவே செய்கின்றன. மயக்க மருந்து இல்லாமல் நசுக்கியும் அறுத்தும் செய்த காலத்தில் எழுதப்பட்ட கிதாபுகள் அவை. அதே மத்ஹபைப் பின்பற்றும் மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு, தேவைக்காகவும் தீங்கைத் தவிர்க்கவும் பூனைக்குக் கருத்தடை செய்யலாம் என்று 2002இலேயே முடிவு சொல்லிவிட்டது. ஹனஃபி நூல்களும் தீங்கைத் தடுப்பதற்கானால் குற்றமில்லை என்கின்றன. மறுபக்கத்தில், பூனையைக் கட்டிப்போட்டு, உண்ணவும் கொடுக்காமல் இரைதேடவும் விடாமல் சாகவைத்த பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்ட நபிமொழியை மதரஸாவில் ஓதாத பிள்ளை நம் ஊரில் இல்லை. உரப்பைக்குள் கண் திறக்காத குட்டிகளைக் கட்டும்போது அது ஏன் நினைவுக்கு வருவதில்லை? அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் நம் பிரதேசக் கிளைகள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்து, மக்களுக்குப் புரியும் தமிழில் பேச வேண்டும். எங்கள் உலமாக்கள் வாய் திறந்தால் ஒரே ஜும்ஆவில் பாதித் தயக்கம் போய்விடும்.

அடுத்தது கையும் காசும். நாடு முழுவதற்கும் மிருக வைத்தியரை உருவாக்குவது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஒரே பீடம்தான். மாட்டுக்கும் ஆட்டுக்குமே போதாத நேரத்தில் பூனைக்கு யார் வருவார் என்று நம் அரச மிருக வைத்தியர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆகவே அவர்களைத் தனியே விடக்கூடாது. கல்முனை மாநகர சபை மாதம் ஒரு நாளுக்கு ஒரு மண்டபத்தைத் திறந்து கொடுக்கட்டும். பிராந்திய சுகாதாரப் பணிமனை விசர்நோய்த் தடுப்பூசியை அதே நாளில் போடட்டும். சத்திரசிகிச்சைக்கான மருந்துச் செலவை, ஒரு கல்யாணப் பந்தலுக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கும் நம் வர்த்தகர்கள் ஏற்கட்டும். பிடிக்க முடியாத பூனையைப் பக்குவமாகக் கூண்டில் கொண்டுவர ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர் போதும். ஜனாஸா அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியில், எந்த நாள், எந்த மண்டபம், முந்தின இரவிலிருந்து பூனைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்ற மூன்று செய்திகளை வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு சொல்லுங்கள்.