பெட்டி நம்முடையது, சாவி அவர்களுடையது

கடையில் ஒரு பூட்டு வாங்குகிறீர்கள். முழு விலையும் கொடுத்தாயிற்று, ரசீதும் வாங்கியாயிற்று. கடைக்காரர் பூட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, "சாவி என்னிடமே இருக்கும். திறக்க வேண்டுமானால் கதவைக் கழற்றி இங்கே கொண்டு வாருங்கள், திறந்து தருகிறேன், அதற்குத் தனிக் கட்டணம்" என்கிறார். நம்மில் யாராவது ஒப்புக்கொள்வோமா? லாரி வைத்திருப்பவர்கள் இன்று இதற்குத்தான் ஒப்புக்கொண்டு பிழைப்பு நடத்துகிறார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வண்டி ஓடாது.

"லாரிக்காரன் பாடு நமக்கெதற்கு ஐயா?" என்று கேட்காதீர்கள். சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று நம் தென்புறநகரில் குடியிருப்பவர்களுக்கு லாரி என்றால் தண்ணீர். 2019 கோடையில் காலிக் குடத்தோடு நாம் எதற்குக் காத்திருந்தோம் என்பது மறந்திருக்காது. அந்தத் தண்ணீர் லாரிகளில் பல, நெடுந்தூர ஓட்டத்தில் இளமையைக் கழித்துவிட்டு, வயதான காலத்தில் டாங்கி கட்டிக்கொண்டு நம் தெருக்களுக்கு வந்தவை. கழிவுநீர் ஏற்றுவதும், இடித்த வீட்டின் கட்டடக் கழிவை அள்ளுவதும் இந்தப் பழைய வண்டிகள்தாம். நம்மைப் போலவே ஓய்வுக்குப் பிறகும் உழைப்பவை.

எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒருவரிடம் ஒரே லாரி. 2014 மாடல், இரண்டாவது கை. சென்ற கோடையில் ஒருநாள் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஜி.எஸ்.டி. சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் வந்தார். ஸ்கேனரைச் செருகினால் எதிர்முனையில் பதிலே இல்லை. அவர் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதவில்லை. பாட்டரி, ஃபியூஸ், ரிலே எல்லாம் பார்த்தார். மாட்யூலுக்குள் போகும் கப்ளரில் 24 வோல்ட் சரியாக வருகிறதா, எர்த் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று லோடு கொடுத்து அளந்தார். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் 5 வோல்ட் லைன் விழுந்து மாட்யூலே செத்தது போலத் தோன்றும் என்பதால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். அரை நாள் வேலை. கடைசியில்தான் சொன்னார்: "மாட்யூல்தாண்ணே போயிடுச்சு."

இதில் யார் மீதும் எனக்குக் குறையில்லை. பத்து வருஷம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே சூட்டிலும் அதிர்விலும் கிடந்த மின்னணுப் பெட்டி பழுதாவது இயற்கை. குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. புது மாட்யூலை இவரே வாங்கி இவரே மாட்டினால் வண்டி ஓடாது. வண்டியை இழுவை வண்டியில் கட்டி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஏற்கெனவே செய்த பரிசோதனையை முதலிலிருந்து செய்து அதற்கொரு பில். பிறகு "பழைய மாடல், ஸ்டாக் இல்லை" என்று காத்திருப்பு. பிறகு மாட்யூல் விலை. பிறகு மென்பொருள் ஏற்றும் கட்டணம். வண்டி பதினேழு நாள் நின்றது. மாதத் தவணை நிற்குமா? அது தேதி தவறாமல் வந்தது. வேறு லாரி கூப்பிட்ட நாங்கள் லோடுக்குக் கூடுதலாகக் கொடுத்தோம்.

இந்தப் பெட்டி அப்படி என்ன செய்கிறது? என் வயதுக்காரர்களுக்கு மைக்கோ பம்பு நினைவிருக்கும். பெங்களூரில் 1951இல் தொடங்கிய கம்பெனி, இன்று பாஷ் என்று பெயர். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதை அந்தப் பம்புக்குள்ளிருந்த ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் கவர்னரும் தீர்மானித்தன. ஊருக்கு ஊர் பம்பு, நாசில் வேலை செய்பவர் இருந்தார். கழற்றுவார், மேடையில் ஏற்றி அளவு வைப்பார், மறுநாள் வண்டி ஓடும். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1,600 பார் அளவுக்கும் மேலான அழுத்தத்தில் தயாராக நிற்கிறது. எந்த இஞ்செக்டரை எந்தக் கணம் எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்வது மாட்யூல். கிராங்க் எங்கே சுற்றுகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, டிரைவரின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதையெல்லாம் சென்சார்கள் அதற்குச் சொல்கின்றன. புகை குறைந்தது, டீசல் மிச்சமானது. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் புதிதாக வாங்கும் மாட்யூல் எதுவும் எழுதாத சிலேட்டு. அந்த எஞ்சினின் குதிரைத்திறனுக்குரிய கணக்குகளை அதில் ஏற்ற வேண்டும். சேசிஸ் எண்ணைப் பதிய வேண்டும். பல எஞ்சின்களில் ஒவ்வொரு இஞ்செக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டையும் உள்ளே கொடுக்க வேண்டும். திருட்டுத் தடுப்புப் பூட்டு இருந்தால் அதற்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். தவறான கணக்கை ஏற்றினால் பிஸ்டனே கருகலாம். ஆகவே இது விளையாட்டு வேலை அல்ல. அதேசமயம் மந்திரமும் அல்ல. சரியான கோப்பும், அதை ஏற்றும் கருவியும், கடவுச்சொல்லும் இருந்தால், மேலே சொன்ன எலக்ட்ரீஷியன் போன்றவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். அந்த மூன்றும்தான் அவருக்கு மறுக்கப்படுகின்றன.

நான் சொல்வது புதிதல்ல. இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ என்று பத்திரிகைகளில் வருவது) இதையே கார்கள் விஷயத்தில் சொல்லிவிட்டது. 2011இல் ஒரு தனிநபர் கொடுத்த புகார். விசாரித்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது போட்டிச் சட்டத்துக்கு விரோதம். அவற்றைத் திறந்த சந்தைக்குத் தாருங்கள் என்பது உத்தரவின் சாரம். பிறகு? மேல்முறையீடு, உயர்நீதிமன்றம் என்று விவகாரம் ஊர் ஊராகச் சுற்றியது. கார்களுக்கே இந்தக் கதி என்றால் லாரியைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகள். அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ஒரு இணையதளமும் திறந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழு அமைப்பது ஒரு குறிப்பு, இணையதளம் ஒரு சுற்றறிக்கை. இரண்டும் உரிமை ஆகா. "தர வேண்டும், தராவிட்டால் இன்ன தண்டனை" என்று சட்டத்தில் ஒரு வரி வந்தால்தான் அது உரிமை.

அப்படி ஒரு வரி எழுத முடியாதா? ஐரோப்பாவில் எழுதியிருக்கிறார்கள். கனரக வாகனங்களின் யூரோ 6 விதிமுறை, 2009இல் இயற்றியது, பழுதுபார்க்கும் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான கட்டணத்தில் தர வேண்டும் என்று தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தியது. பிரான்சில் 2021இல் சலவை இயந்திரம், கைப்பேசி போன்ற சில பொருள்களின் மேல், இதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டே விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'தெபானே' என்று ஒரு சொல் உண்டு. நடுவழியில் நின்ற வண்டியை ஓட வைப்பதற்கும் அதுதான் சொல். மாதக் கடைசியில் திண்டாடும் நண்பனுக்குக் கைமாற்றுக் கொடுப்பதற்கும் அதுதான் சொல். பழுதுபார்ப்பதை ஆபத்துக்கு உதவுவதாகப் பார்க்கிற சொல். இங்கே அது, ஆபத்தில் இருப்பவனிடம் வசூல் செய்கிற வேலையாகிவிட்டது.

கம்பெனிகள் தரப்பு வாதத்தையும் பார்ப்போம். மென்பொருளைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டை முடக்குவார்கள், திருட்டு வண்டியை ஓட்டுவார்கள், எஞ்சினைக் கெடுப்பார்கள் என்கிறார்கள். மூன்றும் உண்மையான பயங்களே. புகைக் கட்டுப்பாட்டை அணைத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆசாமிகளை நான் ஆதரிக்கவில்லை. அந்தப் புகை நம் நுரையீரலுக்குத்தான் வருகிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். முன்வாசலைப் பூட்டினால் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார்களா? கொல்லைப்புறம் போவார்கள். பழைய உதிரிபாகச் சந்தையில் கழித்துக்கட்டிய மாட்யூல் வாங்கி, பழையதில் உள்ளதைத் திருட்டுக் கருவியால் அதில் நகலெடுத்து ஓட்டுகிறார்கள். எதை ஏற்றினார், யார் ஏற்றினார், எதுவும் பதிவில்லை. எந்தக் கேட்டைத் தடுக்கப் பூட்டினோம் என்கிறார்களோ, அந்தக் கேட்டுக்கு இந்தப் பூட்டே வழி செய்கிறது.

இதற்குத் தீர்வு நம் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே இருக்கிறது. மூலப் பதிவேட்டை யாரும் எடுத்துப்போக விடுவதில்லை, திருத்த விடுவதில்லை. ஆனால் கட்டணம் கட்டி மனுப் போட்டால் வில்லங்கச் சான்று கிடைக்கிறது, சான்றிட்ட நகல் கிடைக்கிறது. கேட்டவர் யார், என்றைக்குக் கேட்டார் என்பதும் பதிவாகிறது. கம்பெனியும் மூல நிரலைத் தன் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளட்டும். பதிவு பெற்ற ஒரு மெக்கானிக், இன்ன சேசிஸ் எண் வண்டிக்கு, ஆர்.சி. நகலோடு கேட்டால், அந்த வண்டிக்குரிய கோப்பை மட்டும், மாற்ற முடியாத வடிவில், கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும். திருட்டு வண்டியா என்று அங்கேயே தெரிந்துவிடும். புகைக் கட்டுப்பாடும் அப்படியே இருக்கும். தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் ஆள் இருக்கிறது.

இதைச் செய்யாததற்குக் காரணம் பாதுகாப்பு என்றால் நம்பலாம். வருமானம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பதினைந்து தாண்டினால் கட்டணம் எகிறுகிறது. இந்த நிலையில் நல்ல எஞ்சின், நல்ல கியர்பாக்ஸ், நல்ல சேசிஸ் உள்ள வண்டி, ஒற்றைக் கையில் தூக்கக்கூடிய ஒரு பெட்டி கிடைக்காமல் காயலான் கடைக்குப் போனால், புது வண்டி யார் விற்பார்?

லாரியோ வேனோ வைத்திருக்கும் பிள்ளைகள், மருமகன்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். மாட்யூல் போய்விட்டது என்று யாராவது சொன்னால், எந்த ஃபால்ட் கோடு வந்தது, சப்ளை எவ்வளவு, எர்த் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வயரிங் கோளாறுக்கு மாட்யூலை மாற்றிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. மாட்யூல் விலையும் மென்பொருள் ஏற்றும் கூலியும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். கழற்றிய பழையது உங்கள் சொத்து, கேட்டு வாங்குங்கள். இஞ்செக்டர் குறியீடுகளை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கேட்டதைத் தர மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வாய்ப்பேச்சு நிற்காது, காகிதம் நிற்கும்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் லோடு விலை ஏறும்போது லாரிக்காரரிடம் சண்டை போடுகிறோம். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நுகர்வோர் விவகாரத் துறைக்கும் ஒரு பக்க மனு அனுப்புவோம்: கனரக வாகனங்களையும் சேர்த்து, பழுதுநீக்கும் உரிமையைத் தண்டனைப் பிரிவோடு சட்டமாக்குங்கள் என்று. ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். வரைவு எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். அந்த வேலை மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.