ஊசி குத்தியே ஆபரேஷனா? பெய்ஜிங்கில் நடந்தது இதுதான்!

"சீனாவில் மயக்க மருந்தே இல்லாமல், ஊசி குத்தியே ஒரு அமெரிக்கருக்கு ஆபரேஷன் செய்தார்களாமே!" அக்குபங்சர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். கதையில் வரும் அமெரிக்கர் நிஜம். ஆபரேஷனும் நிஜம். ஆனால், நடந்தது வேறு!

அவர் பெயர் ஜேம்ஸ் ரெஸ்டன். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் மூத்த பத்திரிகையாளர். 1971 ஜூலையில் சீனா போயிருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. பெய்ஜிங்கில் அவரைச் சேர்த்த மருத்துவமனை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் கட்டப்பட்டது. அப்போது அதற்கு இருந்த பெயரோ 'ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை'!

அங்கிருந்த சர்ஜன்கள் மரத்துப்போகும் மருந்தை ஊசி மூலம் செலுத்தி, வழக்கமான முறையில்தான் குடல்வாலை அகற்றினார்கள். அக்குபங்சர் வந்தது அதற்குப் பிறகு. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இரவு, வயிறு உப்பி அவர் அவதிப்பட்டார். அவர் சம்மதத்துடன், வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று மெல்லிய ஊசிகளைச் செருகினார் ஓர் அக்குபங்சர் நிபுணர். ஒரு மூலிகையைப் பற்றவைத்து வயிற்றருகே சூடும் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது.

இதை ஜூலை 26-ம் தேதி ரெஸ்டன் எழுத, அமெரிக்காவே அக்குபங்சர் பற்றிப் பேச ஆரம்பித்தது. வாய்வழியாகப் பரவியபோது 'ஆபரேஷனுக்குப் பிறகு' என்பது 'ஆபரேஷனுக்குப் பதிலாக' என்று மாறிப்போனது.

ஊசியும் சூடும்

சீன மொழியில் இந்த வைத்தியத்துக்கு 'ஜென்ஜியு' என்று பெயர். 'ஜென்' என்றால் ஊசி. 'ஜியு' என்றால் மூலிகையை எரித்துத் தரும் சூடு. நம் ஊர் மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடியின் இலையை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ரெஸ்டனுக்குக் கிடைத்தது இந்த இரண்டும்தான்.

உடலில் 'சீ' என்ற உயிராற்றல் ஓடுகிறது. அது ஓட 12 முக்கியப் பாதைகள் உண்டு. ஓட்டம் தடைப்பட்டால் நோய், சீரானால் நலம். இதுதான் சீன மரபின் அடிப்படை. மஞ்சள் பேரரசரும் சீபோ என்ற வைத்தியரும் உரையாடுவது போல அமைந்த, சுமார் 2,000 ஆண்டுகள் பழைமையான 'ஹுவாங்டி நெய்ஜிங்' நூல் இதை விளக்குகிறது. ஊசி குத்தும் புள்ளிகள் 361 என்று இன்று வரையறுத்திருக்கிறார்கள். இந்த ஊசியில் மருந்து எதுவும் கிடையாது.

சோங் அரச மரபின் காலத்தில், 1027-ல், வாங் வெய்யீ என்ற வைத்தியர் புள்ளிகளைக் காட்டும் வெண்கல மனித உருவங்களை வார்த்தார். மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி மாணவர்களுக்குத் தேர்வு வைப்பார்களாம். சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். பாஸ்!

சீனாவிலேயே இதற்கு இறங்குமுகமும் இருந்தது. 1822-ல் அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சர் கற்பிப்பதற்கு டாவோகுவாங் பேரரசர் தடை விதித்தார். 1950-களில் மாவோ அரசு மீண்டும் கைகொடுத்தது. 2010-ல் யுனெஸ்கோ இதைக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பலன் உண்டா?

ஜெர்மனியில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 1,162 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2007-ல் வெளியாயின. ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளிகளே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவுக்கு மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 47.6 சதவிகிதம் பேருக்கு முன்னேற்றம். 'சும்மா' குத்திய பிரிவில் 44.2. மூன்றாவது பிரிவில் 27.4 மட்டுமே. வலி குறைந்தது உண்மை. ஆனால், எந்த இடத்தில் குத்தினார்கள் என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை. நம்பிக்கையும், ஒருவர் அருகில் இருந்து கவனிப்பதும் இதில் பங்கு வகிக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலைக் குறைக்க, மணிக்கட்டின் உள்பக்கம் உள்ள 'நெய்குவான்' புள்ளியைத் தூண்டுவது உதவுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ இது குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

போகும் முன் கவனிங்க!

* பிரிக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்த, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியா என்று பாருங்கள்.

* கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* நெஞ்சுப் பகுதியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். குத்துபவர் முறையாகப் படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

* திடீர் வயிற்று வலி, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றால் முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

முக்கியமாக ஒன்று. "இங்கே வந்துட்டீங்கல்ல, இனிமே இன்சுலின் வேண்டாம், பி.பி மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். முதுகு வலிக்கு ஊசி குத்திக்கொள்வது உங்கள் விருப்பம். மாத்திரையை நிறுத்துவதா, குறைப்பதா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.