அம்மாவுக்கு ஒரு தம்மடை

திண்டுக்கல்லில் யாராவது படுத்துவிட்டால், பார்க்கப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், இல்லாவிட்டால் சாத்துக்குடி, அதுவும் இல்லாவிட்டால் பேக்கரி ரொட்டி. எங்கள் பக்கத்தில் ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடுதான். பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். இந்த மார்கழியில் என் வீட்டுக்கும் அப்படி வந்தது. அதைவிட அதிகமாக, தங்கள் வீட்டு அடுப்பில் வெந்ததைத் துணி சுற்றிச் சூடு ஆறாமல் கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கார்த்திகை முடிகிற சமயம். காலையில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் சிலர் சேர்ந்து போவோம். செம்பட்டி சாலையிலிருந்து சித்தையன்கோட்டைப் பக்கம் திரும்பும் இடத்தில், ஏதோ லாரியிலிருந்து சிந்திய ஜல்லி மழைத்தண்ணீரோடு சாலையில் பரவிக் கிடந்தது. முன்சக்கரம் வழுக்கியது. இடது தோள் தரையில் மோதியது. சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிவது காறை எலும்பு. தோளில் விழும் அடி முழுவதையும் நெஞ்சுக்குக் கடத்துவது அந்த ஒல்லியான வளைந்த எலும்புதான். அதனால் பெரும்பாலும் நடுவில் முறிந்துவிடும். எனக்கும் நடுவில்தான்.

டிவிஎஸ் ஃபிஃப்டியில் செவ்வந்தி மூட்டையோடு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்தினார். "அக்கா, எந்திரிக்காதீங்க, கையை அசைக்காதீங்க" என்று சொல்லித் தன் துண்டை மடித்து என் தலைக்குக் கீழே வைத்தார். 108க்குப் பேசியதும் அவர்தான். விடிகாலை மார்க்கெட்டில் கால் மணி நேரம் தாமதித்தால் பூவின் விலை இறங்கிவிடும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நகரவில்லை. விபத்தில் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் நம் மக்களிடம் இன்னும் போகவில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. இரண்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பூக்காரர் சட்டம் தெரிந்து நின்றாரா, தெரியாமல் நின்றாரா என்று கேட்கவில்லை. அவர் நின்றார்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. கையைத் தூளியில் தொங்கவிட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் அசைக்காமல் இருக்கச் சொன்னார்கள். புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சித்தப்பா ஒருவர் கிளம்பியே விட்டார். எலும்பு எப்படி விலகியிருக்கிறது என்பதை எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் எந்தக் கட்டும் என்று அவரை உட்கார வைத்தோம்.

வந்தவர்களில் பலர் முதலில் கேட்டது, "இந்த வயசுல உனக்கு எதுக்குச் சைக்கிள்?" அக்கறையில் கேட்பதுதான், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் வயலில் களை பறித்தவர்களும் விழுந்து எழுந்துதான் பழகினார்கள். இன்று செம்பட்டி சாலையில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பதைத் தாண்டியவளையும் திரும்பிப் பார்க்காத காலம் வர வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எலும்பு முறிந்த வீட்டுக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்பதில் இந்த ஊருக்குத் தெளிவு உண்டு. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார், மிளகு காரம் மூக்கில் ஏறும்படி. அம்மா தை மாதப் பழனிக்காக மாலை போட்டு விரதத்தில் இருந்ததால், சூப்பை வெளியே திண்ணையில் உட்கார்ந்து அக்காவின் டம்ளரிலேயே குடித்தேன். வேலியில் பறித்த பிரண்டையைத் துவையலாக அரைத்து ஒருவர் கொடுத்தனுப்பினார். கையில் எண்ணெய் தடவாமல் நார் உரித்தால் அரிப்பு தாங்காது, ஆகவே அந்தச் சின்னக் கிண்ணத்துக்குப் பின்னால் எவ்வளவு பாடு இருந்தது என்று எனக்குத் தெரியும். நல்லெண்ணெய் குழித்து ஊற்றிய உளுந்தங்களி வந்தது.

அடுமனைப் பண்டங்கள் தோழிகளிடமிருந்து வந்தன. முன்பு என்னிடம் படித்த பெண் ஒருத்தி, 2020 ஊரடங்கில் சின்ன ஓவன் வாங்கி வீட்டிலேயே கேக் போட்டு விற்கத் தொடங்கியவள். "டீச்சர், இதுல மைதா இல்ல" என்று கேழ்வரகும் எள்ளும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்த பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். எடைக்கு எடை பார்த்தால் பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கால்சியம் கேழ்வரகு மாவில் இருக்கிறது, எள்ளில் அதைவிடவும் அதிகம். அவள் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறாள்.

முத்தழகுபட்டித் தோழி கொண்டுவந்தது வாழைப்பழக் கேக். ஆகஸ்டில் செபஸ்தியார் திருவிழா வந்தால் வந்தவர்க்கெல்லாம் கறிச்சோறு போடும் ஊர் அது. பத்துப் பேருக்குக் குறைவாகச் சமைக்க அவளுக்குத் தெரியாது. சிறுமலை வாழையைப் போட்டிருந்தாள். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். ஒரு காலத்தில் முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்களையெல்லாம் அழித்து, மிச்சப்பட்ட கொஞ்சத்திலிருந்து மீண்டது. மலையில் விளைவதால் ஈரம் குறைவு, தோல் சுருங்கினாலும் உள்ளே கெடாது. அப்படிப்பட்ட பழத்தை அடுப்பில் வைப்பதா என்று எனக்கு முதலில் மனசு கேட்கவில்லை. வெட்டியபோது வந்த வாசனையில் அந்த எண்ணம் போய்விட்டது.

பேகம்பூர்த் தோழியின் தம்மடை தனி. ரவை, முட்டை, சர்க்கரை, நெய், தேங்காய்ப்பால். அவள் பாட்டி காலத்தில் தட்டத்தில் ஊற்றி, கீழே தணலும் மூடிமேல் தணலுமாக வைத்து வேகவிடுவார்களாம். ஓவன் என்ற பெட்டி வருவதற்கு முன்பே நம் வீடுகளில் மேலும் கீழும் சூடு கொடுத்துச் சுடும் வித்தை இருந்திருக்கிறது. அவள் இப்போதும் மேல்புறம் மட்டும் கரிநெருப்பில்தான் சிவக்க வைக்கிறாள். ஓரத்தில் முறுகி, நடுவில் மெத்தென்று, ஒரு கையால் பிட்டுச் சாப்பிடத் தோதாக இருக்கும். தூளியில் கை மாட்டியவளுக்குப் பிசைந்து சாப்பிட வேண்டியதைவிட இது எவ்வளவு வசதி என்பதை யோசித்தே அவள் கொண்டுவந்தாள்.

இத்தனையும் எனக்கு வந்தது. அம்மாவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. எழுபதைத் தாண்டியவர். எனக்குத் தலை வாரிவிடுவது, சேலை கட்டிவிடுவது, இரவில் தலையணையைச் சரித்து வைப்பது எல்லாம் அவர்தான். போதாததற்கு, வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒவ்வொரு தூக்குவாளியையும் விளக்கி, கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையோ இரண்டு கை சர்க்கரையோ வைத்துத்தான் கொடுப்பார். விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் காப்பி வேறு.

1995இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் குழுவும் செய்தது. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், ஏறக்குறைய அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருக்கும் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிக் காயம் செய்து, எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 49 நாள் பிடித்தது. எங்கள் வீட்டில் காயம் என் தோளில்தான். ஆனால் அந்த ஆய்வில் வரும் பெண்ணின் இடத்தில் இருந்தவர் அம்மா.

பேகம்பூர்த் தோழிதான் இதை முதலில் பார்த்தாள். ஆய்வெல்லாம் அவள் படித்ததில்லை. "அம்மா, நாங்க கொண்டாந்தது எதையும் நீங்க வாயில வைக்கலியே?" என்று கேட்டாள். விரதம், முட்டை ஆகாது என்றார் அம்மா. மறுநாள் சாயங்காலம் ஒரு சின்னத் தட்டம் தனியாக வந்தது. முட்டைக்குப் பதில் தயிர் அடித்து ஊற்றி, புதுப் பாத்திரத்தில் செய்த தம்மடை. "இது உங்களுக்கு. இவளுக்குக் குடுத்தீங்கன்னா நான் பேச மாட்டேன்" என்றாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் அதை ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்துச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டு ஒளித்துக் கொடுத்தார்.

அன்றைக்கே தோழிகள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பாத்திரம் காலியாகத்தான் திரும்ப வேண்டும், காப்பியை வருகிறவர்களே போட்டுக்கொள்ள வேண்டும், விளக்கிக் கவிழ்ப்பதும் அவர்கள்தான். காலையில் ஒருத்தி வந்து எனக்குத் தலை வாரிவிடுவாள். வெள்ளிக்கிழமை முத்தழகுபட்டித் தோழி அம்மாவைக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய், அவர் கும்பிட்டு வரும்வரை வாசலில் செருப்புக்குக் காவலாக நின்றாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது என்று அக்கா தெருவில் சொல்லிவைத்தார். அந்த நேரத்தில் அம்மா தூங்கினார்.

எலும்பு சேர்ந்துவிட்டது. தோளைத் தூக்கும் பயிற்சி நடக்கிறது, சைக்கிள் சித்திரையில். இப்போது எங்கள் குழுவில் ஒருவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய மருமகள், கைக்குழந்தைக்காரி. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு முறை. மாமியாருக்கு உளுந்தங்களி போதும், அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுச் சொல் என்று அம்மா காலையிலிருந்து என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.