தவக்காலம் முடிந்த பிறகு



ஈஸ்டர் முடிந்துவிட்டது. வரதராஜன்பேட்டையிலும் ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இது முந்திரி சீசன். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்த அப்பாக்களும் அண்ணன்களும் இப்போது கொட்டை விற்ற காசோடு வீடு திரும்புகிற நேரம். விரதம் முடிவதும் கையில் பணம் புரள்வதும் ஒன்றாக வந்து நிற்கிற இந்த வாரங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால்தான் இந்த மாதம் குடியை விட்டவர்களைப் பற்றி, விட்ட பிறகு அவர்கள் கண்ணுக்கும் மனசுக்கும் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

"நாப்பது நாள் இருக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு நாப்பத்தொண்ணாவது நாள் இருக்கத் தெரியாதா? எல்லாம் திமிரு." இந்தப் பேச்சை நாம் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறோம். சபரிமலைக்கு மாலை போட்டவருக்கும் இதே பேச்சுதான், குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவருக்கும் இதேதான். அந்த நாட்களில் அவருக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். மாலை போட்டவரை ஊரே 'சாமி' என்று கூப்பிடுகிறது. விடிகாலைக் குளியல், தனிச் சாப்பாடு, சாயங்காலம் பஜனை. தவக்காலம் என்றால் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. பொழுதுக்கு ஓர் ஒழுங்கு, கூட நாலு பேர், எதிரே வருகிறவர் முகத்தில் மரியாதை. கூட்டாளிகூட அன்றைக்குக் கையைப் பிடித்து இழுப்பதில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் இத்தனையும் போய்விடுகிறது. பழைய தெரு, பழைய கூட்டு, பழைய ஏச்சு எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குள் மூளை ஆறியிருக்காது.

முதலில் கண்ணைச் சொல்கிறேன். 1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். வண்ண வண்ண மையில் சொற்களை எழுதிக் காட்டி, சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வது. பின்னால் வந்தவர்கள் இதையே போதைக்கு அடிமையானவர்களுக்கு மாற்றி வைத்தார்கள். நம் ஊர்க்காரருக்கு வைப்பதென்றால் 'குடை', 'நாற்காலி' நடுவே 'குவாட்டர்' என்று எழுத வேண்டும். 'குடை' வந்தால் பட்டென்று நிறத்தைச் சொல்லிவிடுகிறவருக்கு, 'குவாட்டர்' வரும்போது நொடியில் ஒரு சின்னப் பங்கு தாமதமாகும். குடிக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே கவனம் அங்கே போய்விட்டது என்று அர்த்தம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அன்னா ரோஸ் சில்ட்ரஸும் கூட இருந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கொக்கெய்ன் பழக்கம் இருந்தவர்களுக்கு அது தொடர்பான படங்களை வெறும் 33 மில்லி விநாடி காட்டினார்கள். பார்த்தோம் என்றுகூட உணர முடியாத நேரம் அது. மூளையில் ஆசையோடு தொடர்புடைய பகுதிகள் அதற்குள் கிளர்ந்துவிட்டன.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஒருவரை இதை வைத்துப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் படாத கடை போர்டு அவர் கண்ணில் மட்டும் விழும். முந்திரி மரத்தடியில் உதிர்ந்த பழம் வெயிலில் புளித்து வீசுகிற வாசம் நமக்குச் சீசன் வாசம். குடியை விட்டு மூன்று மாதமான ஒருவருக்கு அதுவே வாயில் எச்சில் ஊற வைக்கலாம். "பிடிக்கவே இல்லீங்க, ஆனா கால் தானா அங்கதான் போவுது" என்று அவர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். பிடிப்பதும் வேண்டுமென்று தவிப்பதும் மூளையில் வெவ்வேறு வேலைகள், முதலாவது வற்றிப்போன பிறகும் இரண்டாவது நிற்கும் என்று டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர்கள் 1993-இலேயே எழுதிவிட்டார்கள்.

இடத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை வியட்நாம் போர் காட்டியது. அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். பழகிய இடத்தையே அவர்கள் விட்டு வந்திருந்தார்கள். நம் வீட்டு மனுஷருக்கு அந்த வசதி இல்லை. குடித்த தெருவிலேயே அவர் குடிக்காமலும் இருக்க வேண்டும்.

கண்ணைவிடக் கஷ்டம் மனசு. குடியை விட்ட முதல் மாதங்களில் எதுவும் ருசிக்காது. பிள்ளை முதல் மார்க் வாங்கி வந்து நின்றாலும் உள்ளே ஒன்றும் அசையாது. தூக்கம் கெடும், சட்டென்று எரிச்சல் வரும். மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளை விட்டவர்களின் மூளையை நோரா வோல்கோவ் குழு படமெடுத்தபோது, டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் ஒழுங்குக்கு உதவும் அமைப்புகள் ஓரளவுக்கு மீண்டிருந்தது ஒரு வருடத்துக்கு மேல் விலகி இருந்தவர்களிடம்தான். மது வேறு பொருள். ஆனாலும் ஒரு மண்டலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதிலே வீட்டில் இருப்பவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் பியர் பிலிப்போ, சார்ல்ஸ் கோர்ன்ரைக் ஆகியோர், குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆனவர்களிடம் முகங்களின் படங்களைக் காட்டி என்ன உணர்ச்சி என்று கேட்டார்கள். மற்றவர்களைவிட அவர்கள் அதிகம் தவறினார்கள். உணர்ச்சியை உள்ளதைவிடப் பெரிதாகப் பார்த்தார்கள், இல்லாத கோபத்தைக்கூடப் பார்த்தார்கள். நாளெல்லாம் தோப்பில் குனிந்து கொட்டை பொறுக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் ஒரு பெண். "சாப்டீங்களா?" என்கிறாள். அவள் முகத்தில் இருப்பது அலுப்பு. குடியை விட்ட கணவருக்கு அது கோபமாகத் தெரிகிறது. 'எங்க போயிட்டு வந்தே?' என்று கேட்பதுபோல் காதில் விழுகிறது. அவர் ஒரு வார்த்தை விடுகிறார். வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்ததை அவளும் கொட்டுகிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வெளியே கிளம்பிவிடுகிறார். மறுபடி குடித்தவர்கள் எந்தச் சந்தர்ப்பத்தில் குடித்தார்கள் என்று ஆலன் மார்லாட் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, மனக்கசப்பு, சண்டை, கூட்டாளியின் வற்புறுத்தல் இந்த மூன்றிலேயே முக்கால் பங்குக்குக் கிட்டே அடங்கிவிட்டது.

அந்தப் பெண்ணையே இன்னும் பொறுத்துப் போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் ஆறுதல் வேண்டும். இதை நன்றாக உணர்ந்தவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அது நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே குடிநோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போது மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் உண்டு. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் அவர்கள் முகாம் நடத்தினார்கள். ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, வாழ்கிற இடத்திலேயே வைத்தியம். ஆண்டிமடம் பக்கமும் அப்படி ஒன்று நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பங்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் பேரூராட்சியும் சேர்ந்தால் இடத்துக்கா பஞ்சம்?

கவனத்தைத் திருப்பப் பயிற்சியும் உண்டு. ஜெர்மனியில் ஒரு சிகிச்சை நிலையத்தில், திரையில் மதுப் படம் வந்தால் ஜாய்ஸ்டிக்கால் தள்ளிவிடும் பயிற்சியை ரைனவுட் வீர்ஸ் குழு கொடுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பயிற்சியையும் பெற்றவர்களில், ஒரு வருடம் கழித்து மறுபடி குடித்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள். மார்லாட் சொல்லிக்கொடுத்தது இன்னும் எளிது. ஆசை எழும்போது அதோடு சண்டை போடாமல், அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனித்தபடி உட்கார்ந்திருப்பது. அலைபோல எழுந்து, சற்று நேரத்தில் அது தானாக இறங்கும். நம் நாட்டு விபாசனா தியானத்தை ஒட்டிய வழி இது.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்வையில் நிறுத்துவதுதான் சரி. இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்று 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொல்கிறது. மீதிப் பேர் நம் திண்ணைகளில்தான் இருக்கிறார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் போய்க் கேளுங்கள்.

குடியை விட்டு ஒரு வருடம், இரண்டு வருடம் கடந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். கடையைத் தாண்டிப் போக எந்தத் தெருவழியே சுற்றிப் போனீர்கள், கோபம் வந்தால் என்ன செய்தீர்கள், வீட்டில் யார் என்ன சொன்னது உதவியது? மனைவிமாரும் பிள்ளைகளும் எழுதுங்கள். பெயர் போட மாட்டோம். வருகிற கடிதங்களுக்கென்று அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்