எண்ணைக் கையால் எழுதுங்கள்

ஆணி கொஞ்சம் அதிகம், அதனால் சின்னப் பதிவுதான்.

போன வாரம் ஆபீஸில் ஜாவா சர்வர்களில் பாதியை மட்டும் புதுப்பித்தோம். உடனே இன்வேலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன் வரிசைகட்டி வந்தது. வழக்கம்போல "கேஷை அழி, ரீஸ்டார்ட் பண்ணு" என்றார்கள். அழித்தால் பிழை போகும்தான். கூடவே பாதியில் நிற்கும் ஆர்டர்களும் போகும். இதற்குப் பெயர் சரிசெய்வதா?

சீரியல் வெர்ஷன் யூஐடியை நாம் எழுதாவிட்டால், கிளாஸின் பெயர், ஃபீல்டு, மெத்தட் எல்லாம் பார்த்து ஜாவாவே ஓர் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு பப்ளிக் மெத்தட் கூடினாலே எண் மாறிவிடும். பிழைச்செய்தியிலேயே இரண்டு எண்களும் இருக்கும், யாரும் படிப்பதில்லை! அதில் ஸ்ட்ரீம் என்று போட்டிருக்கும் பழைய எண்ணைப் புதுக் கிளாஸில் எழுதுங்கள். பழைய தரவு திறக்கும், புதிதாய்ச் சேர்த்த ஃபீல்டு மட்டும் காலியாக வரும். ஃபீல்டின் வகையையே மாற்றியிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது.

எங்க ஊர் கொல்லயில். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் சித்தப்பா. ஆட்கள் அதே ஆட்கள்தானே மக்கா?

ஆர்டர்கள் பிழைத்தன. இனி எண் இல்லாத கிளாஸை ரிவ்யூவில் விடுவதாயில்லை. திட்டுகிறவர்கள் திட்டட்டும்.