நடுவானில் சக்கரம் பழுதானால் விமானி என்ன செய்வார்? வைகை அணையில் இறக்கலாமா?

2024 அக்டோபர் 11 மாலை. திருச்சியில் இருந்து 141 பயணிகளுடன் ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 2 மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்து, எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்த பிறகு திருச்சியிலேயே பத்திரமாகத் தரையிறங்கியது. டிவியில் பதறிப்போய் பார்த்திருப்பீங்க.

அது பெரிய விமானம். சின்ன விமானத்தில் சக்கரமே போய்விட்டால்?

நாக்பூரில் நடந்தது

2021 மே 6. நோயாளியுடன் மும்பை கிளம்பிய பீச்கிராஃப்ட் கிங் ஏர் ரக ஏர் ஆம்புலன்ஸ், நாக்பூரில் மேலெழும்பும்போது ஒரு சக்கரம் கழன்று விழுந்தது. உள்ளே 5 பேர். மும்பையில் ஓடுபாதையில் நுரை அடித்துத் தயாராக வைத்தார்கள். மீதமிருந்த சக்கரங்களை விமானி பயன்படுத்தவில்லை. விமானத்தை வயிற்றுப் பகுதியிலேயே இறக்கினார். 5 பேரும் உயிர் தப்பினார்கள்.

மீதி சக்கரங்களை ஏன் பயன்படுத்தவில்லை? ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் வெறுமை என்றால் விமானம் ஒரு பக்கமாக இழுத்துச் சுழன்றுவிடலாம். வயிற்றில் இறங்கினால் நேராகச் சறுக்கி நிற்க வாய்ப்பு அதிகம். உரசலில் தீப்பொறி கிளம்பும் ஆபத்தைக் குறைக்கத்தான் நுரை.

மூன்று பச்சை விளக்கு

செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் சக்கரம் மடங்காது. வேகமாகத் தரையில் மோதினால் முன் சக்கரம் உடையும், அதுதான் அங்கே சிக்கல்.

மடங்கும் சக்கரம் உள்ள விமானங்களில், மூன்றும் இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானி முன்னால் மூன்று பச்சை விளக்கு எரியும். எரியாவிட்டால் கையால் பம்ப் அடித்தோ, கைப்பிடியைச் சுற்றியோ இறக்கலாம். சக்கரத்தை இறக்கவே விமானி மறந்துபோய் நடக்கும் விபத்துகளும் உலகம் முழுக்க உண்டு.

தண்ணீர் பஞ்சு மெத்தை இல்லை

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை, பக்கத்தில் மதுரைதான். அவசரத்துக்கு வைகை அணைத் தண்ணீரில் இறக்கினால் என்ன? சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் சிக்கி விமானம் குப்புறக் கவிழலாம். தப்பித்தாலும் மூழ்கும் அபாயம் உண்டு. ஓடுபாதையிலோ தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் காத்திருக்கும். இன்ஜின் நின்று, வேறு வழியே இல்லாதபோதுதான் தண்ணீர்.

அடுத்த முறை விமானம் வட்டமடிப்பதைப் பார்த்தால் உடனே 'விபத்து' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணாதீங்க. இன்ஜின் ஓடுகிறது, எரிபொருள் இருக்கிறது என்றால் விமானிக்கு நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் கீழே ஓடுபாதை தயாராகிறது.